முடக்குவாதத்தில் சைட்டோகைன், சி.ஆர்.பி. அறிக்கைகளைப் படிப்பது எப்படி?

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (ஆர்.ஏ.) எனப்படும் முடக்குவாதத்திற்குச் சிகிச்சை பெறுவோரின் கோப்பில், அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு எண்கள் தவறாமல் இருக்கும். கொரோனா காலத்தில் பரவலாகக் கேட்கப்பட்ட ஐ.எல்.-6 பரிசோதனையும் இப்போது சிலருடைய கோப்பில் சேர்ந்திருக்கிறது. மூட்டுகளில் அழற்சி எந்த அளவுக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதை இந்த எண்களிலிருந்து எப்படிக் கணிப்பது, எந்த இடங்களில் இவற்றை நம்பக் கூடாது என்பதை நோயாளிகள், வீட்டார், ஆய்வகப் பணியாளர் ஆகியோருக்காக இங்கே விளக்குகிறேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவு என்பதில் மாற்றமில்லை.

முதலில் இந்த எண்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வுக்குள் நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து குவிகின்றன. அவை தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள வெளியிடும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். அவற்றுள் டி.என்.எஃப்.-ஆல்ஃபா, ஐ.எல்.-1, ஐ.எல்.-6 ஆகிய மூன்றும் முக்கியமானவை. லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோரின் குழு, மூட்டுச் சவ்வின் அணுக்களை வளர்த்து, அங்கே டி.என்.எஃப்.-ஐத் தடுத்தால் ஐ.எல்.-1 உற்பத்தியும் குறைகிறது என்று 1989-இல் காட்டியது, டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்துகளை முடக்குவாதத்தில் பயன்படுத்தும் எண்ணம் அங்கிருந்தே வலுப்பெற்றது. ஐ.எல்.-6 மட்டும் மூட்டோடு நின்றுவிடாமல் இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைந்து, அங்கே சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்களைப் பெருமளவில் சுரக்கச் செய்கிறது. ஃபைப்ரினோஜன் மிகுந்தால் சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி விரைவாகக் கீழே படியும்; ஒரு மணி நேரத்தில் அவை எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்பதே இ.எஸ்.ஆர். ஆகவே நம் கையிலுள்ள இரண்டு பழைய எண்களும், மூட்டு அனுப்பிய செய்திக்குக் கல்லீரல் தந்த பதில்களே.

இதை ஏற்றுக்கொண்டால், செய்தியையே நேராக அளந்துவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. நடைமுறையில் அது எளிதன்று. ஐ.எல்.-6 இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம் என்ற மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். வீங்கிய மூட்டின் நீரிலோ அதைவிடப் பன்மடங்கு அதிகம் இருக்கும். கையிலிருந்து எடுக்கும் இரத்தம் மூட்டின் நிலையை மங்கலாகவே காட்டும். போதாததற்கு, அளவு நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முடக்குவாத நோயாளிகளிடம் ஐ.எல்.-6 விடியற்காலையில் உச்சத்தைத் தொட்டு, பகல் ஏற ஏறக் குறைகிறது. காலையில் விரல்களை மடக்க முடியாத இறுக்கமும் அதே போக்கில் வருவது தற்செயல் அன்று. சி.ஆர்.பி.யின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய 19 மணி என்பதால், அது இத்தகைய ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்து நிலையான எண்ணைத் தருகிறது. வழக்கமான கண்காணிப்புக்கு ஐ.எல்.-6 கேட்பதில் பெரிய பயனில்லை, சி.ஆர்.பி. போதும் என்பதே என் கருத்து.

ஏதோ காரணத்தால் ஐ.எல்.-6 எடுத்தே ஆக வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில், ஒரே ஆய்வகத்தில் இரத்தம் கொடுக்க வேண்டும். ஆய்வகம் பயன்படுத்தும் பரிசோதனைக் கிட் மாறினால் எண்ணும் மாறும். ஆய்வகத்தார் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. குழாயில் உள்ள வெள்ளணுக்கள் இரத்தம் எடுத்த பிறகும் உயிரோடுதான் இருக்கின்றன. குழாய் மணிக்கணக்கில் மேசைமேல் கிடந்தால் அவை சைட்டோகைனை வெளியிட்டோ உறிஞ்சியோ அளவைக் கெடுத்துவிடும். விரைவில் சென்ட்ரிஃப்யூஜ் செய்து சீரத்தைப் பிரிப்பதும், அன்றே சோதிக்க முடியாவிட்டால் கடுங்குளிரில் உறையவைப்பதும், உறைந்ததை மீண்டும் மீண்டும் உருக்காமல் இருப்பதும் கட்டாயம்.

முடக்குவாதத்திற்கே உரிய ஒரு பொறியும் இதில் இருக்கிறது. பெரும்பாலான கிட்களில் ஓர் ஆன்டிபாடி சைட்டோகைனைப் பிடித்துக்கொள்ளும், இன்னோர் ஆன்டிபாடி அதன்மேல் ஒட்டி ஒளியோ நிறமோ தரும். இந்நோயாளிகள் பலரின் இரத்தத்தில் இருக்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற ஆன்டிபாடியோ, பிற ஆன்டிபாடிகளின் வாலைப் பிடிப்பதையே குணமாகக் கொண்டது. அது கிட்டின் இரண்டு ஆன்டிபாடிகளையும் தானே இணைத்துவிட்டால், சைட்டோகைன் இல்லாமலே அளவு எகிறும். ஆர்.ஏ. ஃபாக்டர் மிக உயர்ந்திருக்கும் ஒருவரிடம் சி.ஆர்.பி. இயல்பாக இருக்க ஐ.எல்.-6 மட்டும் நூற்றுக்கணக்கில் வந்தால், மாதிரியைப் பாதியாகவும் கால்வாசியாகவும் நீர்க்கவைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். உண்மையான அளவானால் அதே விகிதத்தில் குறையும். போலியானால் விகிதம் பிசகும். இந்தக் குறுக்கீட்டைத் தடுக்கும் ரசாயனங்களும் கிடைக்கின்றன.

இனி எண்ணை மூட்டோடு சேர்த்துப் படிக்கும் முறைக்கு வருவோம். மருத்துவர் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் மூட்டுகள், முழங்கால் என 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று எண்ணுகிறார். டாஸ்-28 என்னும் மதிப்பெண்ணில் வலிக்கும் மூட்டுகளின் வர்க்கமூலத்தை 0.56-ஆலும், வீங்கிய மூட்டுகளின் வர்க்கமூலத்தை 0.28-ஆலும், சி.ஆர்.பி.யோடு 1 கூட்டிய தொகையின் இயல் மடக்கையை 0.36-ஆலும், நோயாளி தம் நிலை எப்படி இருக்கிறது என்று 0 முதல் 100 வரையுள்ள கோட்டில் தாமே குறிக்கும் எண்ணை 0.014-ஆலும் பெருக்கிக் கூட்டி, இறுதியில் 0.96 சேர்க்க வேண்டும். 2.6-க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது என்றும், 3.2 வரை குறைவு, 5.1 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்றும் கொள்வார்கள்.

எடுத்துக்காட்டாக, 6 மூட்டு வலி, 4 மூட்டு வீக்கம், சி.ஆர்.பி. லிட்டருக்கு 18 மில்லிகிராம், நோயாளியின் மதிப்பு 50 என்று வைத்துக்கொள்வோம். டாஸ்-28 ஏறத்தாழ 4.65 வரும். இந்தக் கணக்கில் சி.ஆர்.பி. லிட்டருக்கு மில்லிகிராமில் இருக்க வேண்டும். ஆனால் எஸ்.டி.ஏ.ஐ. என்ற இன்னொரு மதிப்பெண்ணில் அது டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் வேண்டும். அதாவது 18 அன்று, 1.8. நோயாளியின் மதிப்பை 10-க்கு 5, மருத்துவரின் மதிப்பை 10-க்கு 4 என்று கொண்டு நேராகக் கூட்டினால் 6, 4, 5, 4, 1.8 சேர்ந்து 20.8 ஆகிறது, இது நடுத்தரம். அலகைப் பார்க்காமல் 18 என்று போட்டுவிட்டால் 37 ஆகி, அதிகம் என்பதற்கான 26 என்ற எல்லையைத் தாண்டிவிடும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அலகு வேறுபடுவதால், எண்ணைப் படிக்கும் முன் அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அலகைப் படிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் குழப்புவது மருந்தின் தாக்கம். டோசிலிசுமாப் மருந்து ஐ.எல்.-6 வந்து ஒட்டும் ஏற்பியை அடைத்துவிடுகிறது. செய்தி கல்லீரலுக்கு எட்டாததால் சி.ஆர்.பி. தரைமட்டத்துக்கு இறங்கும், அதே சமயம், ஏற்பி வழியாக உடலிலிருந்து அகற்றப்பட வேண்டிய ஐ.எல்.-6 இரத்தத்திலேயே தேங்கி அளவில் கூடும். இந்த மருந்து தொடங்கியபின் ஐ.எல்.-6 உயர்ந்ததைக் கண்டு நோய் முற்றிவிட்டதாக அஞ்சுவதும், சி.ஆர்.பி. குறைந்ததைக் கண்டு நோய் அடங்கிவிட்டதாக மகிழ்வதும் ஒருங்கே தவறு. மேலே சொன்ன அதே நோயாளிக்கு மூட்டுகள் எதுவும் மாறாமல், அவர் மதிப்பும் 50-ஆகவே இருந்து, சி.ஆர்.பி. மட்டும் 0.5 ஆனால், டாஸ்-28 ஏறத்தாழ 3.74-க்கு இறங்கிவிடும். 0.6-க்கு மேல் குறைந்தால் மிதமான பலன் என்று கணக்கிடும் வழக்கத்தின்படி, ஒரு மூட்டின் வீக்கம்கூட வடியாமலே மருந்து பலித்துவிட்டதாகத் தாளில் பதிவாகும். ஆய்வகப் பரிசோதனையே சேர்க்காமல் மூட்டு எண்ணிக்கைகளையும் இருவரின் மதிப்புகளையும் மட்டும் கூட்டும் சி.டி.ஏ.ஐ. இரண்டு முறையும் 19 என்றே காட்டும். டோசிலிசுமாப் எடுப்பவர்களுக்கு மட்டுமின்றி, டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப் போன்று ஐ.எல்.-6-இன் செய்தியை உயிரணுவுக்குள் தடுக்கும் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் சி.டி.ஏ.ஐ.யையே நம்புவது நல்லது. டி.என்.எஃப். தடுப்பு மருந்து எடுப்பவரிடம் இரத்த டி.என்.எஃப். அளப்பதும் வீண், மருந்தோடு ஒட்டிச் செயலிழந்து கிடப்பதையும் சில கிட்கள் சேர்த்து எண்ணிவிடும்.

இதே காரணத்தால் தொற்றும் மறைந்துகொள்ளும். டோசிலிசுமாப் எடுப்பவருக்கு நிமோனியா வந்தாலும் சி.ஆர்.பி. உயராமல் போகலாம், காய்ச்சலும் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். இருமல், மூச்சிரைப்பு, ஆறாத புண் என்று எது வந்தாலும், சி.ஆர்.பி. இயல்பு என்ற அறிக்கையை வைத்துச் சமாதானம் அடையாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருந்தின் குறுக்கீடு இல்லாதபோதும் எண் உயர வேறு காரணங்கள் உண்டு. சளிக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, ஈறு வீக்கம் ஆகியவை சி.ஆர்.பி.யை உயர்த்தும். கொழுப்புத் திசுவும் ஐ.எல்.-6 சுரப்பதால், உடல் பருத்தவர்களிடம் சி.ஆர்.பி. சற்று உயர்ந்தே நிற்கலாம். இரத்தசோகை, வயது, கர்ப்பம் மூன்றும் இ.எஸ்.ஆரை ஏற்றும். மறுபுறம், கணிசமான நோயாளிகளுக்கு மூட்டு வீங்கியிருக்கும்போதே இரண்டு எண்களும் இயல்பாக இருக்கும். அத்தகையவரிடம் "ரிப்போர்ட் நார்மல்தானே" என்று சொல்லி அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். 28 மூட்டுப் பட்டியலில் பாதங்கள் இல்லை என்பதால், பாத மூட்டுகளில் மட்டும் நோய் உள்ளவர் செருப்பைக் கழற்றிக் காட்டியாக வேண்டும். ஐயம் நீடித்தால் அல்ட்ராசவுண்டில் உட்சவ்வின் வீக்கத்தையும் அதில் ஓடும் இரத்தத்தையும் நேரில் பார்த்துவிடலாம்.

ஐ.எல்.-6, டி.என்.எஃப். ஏற்பி, சி.ஆர்.பி., லெப்டின் உள்ளிட்ட 12 புரதங்களை அளந்து 1 முதல் 100 வரை ஒரே மதிப்பெண்ணாகத் தரும் பரிசோதனை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மூட்டுகளை எண்ணும் வேலைக்கு அது மாற்றாகவில்லை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரே தாளில் தேதி, சி.ஆர்.பி.யும் அதன் அலகும், இ.எஸ்.ஆர்., காலை இறுக்கம் எத்தனை நிமிடம், வீங்கிய மூட்டுகள் எவை, கடைசியாக ஊசி போட்ட நாள், அந்த வாரத்தில் காய்ச்சலோ சளியோ இருந்ததா என்பவற்றை வரிசையாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். முந்தைய அறிக்கைகள் வேறு ஆய்வகத்தில் எடுத்தவையானால் அதையும் அந்த வரியிலேயே குறித்துவிடுங்கள்.