தேர்தல் பார்வையாளர் யார்? புகார் கொடுப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நேரத்துச் செய்திகளில் பார்வையாளர் என்று நாலைந்து விதமான ஆட்களைச் சொல்கிறார்கள். எல்லோரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொள்வதால்தான் பல நியாயமான புகார்கள் உரிய இடத்துக்குப் போய்ச் சேருவதே இல்லை.

கட்சி அனுப்பும் மேலிடப் பார்வையாளரை முதலில் விட்டுவிடுங்கள், அவர் கட்சி வேலையாக வருபவர், சட்டப்படி அவருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. தேர்தல் ஆணையம் அனுப்புபவர்கள் அரசு அதிகாரிகள். பொதுப் பார்வையாளர் ஐ.ஏ.எஸ்., காவல் பார்வையாளர் ஐ.பி.எஸ்., செலவினப் பார்வையாளர் பெரும்பாலும் வருமான வரித்துறை போன்ற இடத்திலிருந்து வருவார். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022-ல் 40 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. மண்டபம், வேன், சாப்பாடு என்று தண்ணீராகச் செலவழித்துவிட்டுக் கணக்கில் குறைத்துக் காட்டினால், அதைச் சொல்ல வேண்டியது செலவினப் பார்வையாளரிடம்.

அப்புறம் வாக்குச்சாவடியில் இருக்கும் நுண் பார்வையாளர். இவரிடம் போய் "வாக்குப்பதிவை நிறுத்துங்க" என்று சண்டை போடுவது வீண். நடப்பதைக் கவனித்துப் பொதுப் பார்வையாளருக்கு அறிக்கை கொடுப்பதுதான் இவர் வேலை. சாவடிக்குள் பொறுப்பு தலைமை அலுவலருக்கு.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: "பார்த்துட்டுப் போறவர்தானே, அவரால என்ன ஆகும்" என்று புகாரே கொடுக்காமல் இருந்துவிடுவது. 1996-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்த 20பி பிரிவைப் பாருங்கள். நிறையச் சாவடிகள் கைப்பற்றப்பட்டதாக ஆணையம் அனுப்பிய பார்வையாளர் கருதினால் வாக்கு எண்ணிக்கையை நிறுத்தவோ, முடிவை அறிவிக்காமல் வைக்கவோ தேர்தல் நடத்தும் அலுவலருக்கு அவர் உத்தரவிடலாம். சின்ன அதிகாரமா இது? ஆனால் அதற்குமேல் என்ன செய்வது என்பதை ஆணையம்தான் சொல்லும். 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா காரணமாக ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை ரத்து செய்ததும் ஆணையம்தான்.

சரி, புகாரை எப்படிக் கொடுப்பது? "எங்க ஊர்ல காசு குடுக்கிறாங்க" என்று மட்டும் சொன்னால் பறக்கும் படை எங்கே போய்த் தேடும்? தெரு, நேரம், வண்டி எண், சாவடி எண் என்று தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள். பார்வையாளரின் தொலைபேசி எண்ணையும் மக்களைச் சந்திக்கும் நேரத்தையும் மாவட்ட நிர்வாகம் வெளியிடும், அதை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் அனுப்புவதானால் சம்பவ இடத்தில் அப்போதே எடுத்த படமோ வீடியோவோ வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த பழைய படத்தை அதில் ஏற்ற முடியாது.