செப்டிக் ஷாக்கில் எக்மோ: பிரஷரை மட்டும் பார்த்து ஓடாதீர்கள்

போன வாரம் நள்ளிரவில் ஒரு ஜூனியர் போன் செய்தார். செப்டிக் ஷாக், அதாவது கிருமித்தொற்று முற்றிப் பிரஷர் விழுந்த ஒரு நோயாளி. "சார், நார்அட்ரினலின் ஏத்திக்கிட்டே இருக்கோம், பிரஷர் ஏறவே மாட்டேங்குது. எக்மோ போட்டுடலாமா?" "எக்கோ பாத்தீங்களா?" என்றேன். பதில் இல்லை. ஒரு காலத்தில் நானும் பதில் இல்லாமல் நின்றவன்தான். (நார்அட்ரினலின், குழாயை இறுக்கிப் பிரஷரை ஏற்றும் மருந்து. எக்மோ, இரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உள்ளே தள்ளும் இயந்திரம். எக்கோ, இதயத்தின் ஸ்கேன்.)

இங்கே நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். ஆன்டிபயாட்டிக் தாமதம் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. விட்டுவிடுகிறேன்.

எக்கோ பார்க்காமல் எக்மோ

செப்டிக் ஷாக்கில் பெரும்பாலும் இரத்தக்குழாய்கள்தான் தளர்ந்து விரிகின்றன. இதயம் படபடவென்று நன்றாகவே அடிக்கும். சிலருக்குத்தான் இதயத் தசையே துவண்டுபோகும். விஏ எக்மோ (சிரையில் எடுத்துத் தமனியில் செலுத்தும் வகை) என்பது இதயத்தின் வேலையைச் செய்யும் பம்ப். தளர்ந்த குழாயை அது இறுக்காது.

எனக்கு இது புரிந்தது ஒரு நோயாளியின் செலவில். சிறுநீரகக் கல் அடைத்து, சீழ் பிடித்து வந்தவர். மருந்தின் அளவைப் பார்த்துப் பதறி, தொடையில் எக்மோவின் கேனுலா (தடித்த குழாய்) போட்டோம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடியது, பிரஷர் அசையவில்லை. அப்புறம்தான் எக்கோ வைத்தோம். இதயம் அருமையாகச் சுருங்கிக்கொண்டிருந்தது! எங்களால் அவருக்குக் கிடைத்தது ஹெபாரினும் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) இரத்தக்கசிவும், வீட்டாருக்கு லட்சக்கணக்கில் பில்லும். அவரைக் காப்பாற்றியது யூராலஜிஸ்ட் போட்ட ஸ்டென்ட். எக்கோ மெஷின் இரண்டு படுக்கை தள்ளித்தான் நின்றிருந்தது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள். எக்மோ வைத்த 82 பேரில் 90 நாளில் பிழைத்திருந்தவர்கள் 60 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 25. சரி, ஆனால் அந்த 82 பேரின் இடது வென்ட்ரிகிள் (இதயத்தின் முக்கிய பம்ப் அறை) எஜெக்ஷன், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, சராசரி 17 சதவீதம். இதயமே துவண்டவர்கள் அவர்கள். 60-ஐப் பிடித்துக்கொள்கிறவர்கள் 17-ஐ மறந்துவிடுகிறார்கள். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வும் அல்ல அது.

ஒரே ஒரு எக்கோ

குழாய் தளர்ந்திருக்கும்போது பலவீனமான இதயம்கூட நன்றாக அடிப்பதுபோல் தெரியும். நார்அட்ரினலின் ஏறியதும் குட்டு வெளிப்படும். திரும்பப் பாருங்கள்.

இடது கையில் ஏபிஜி (தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் பரிசோதனை)

தொடை வழி எக்மோவில் இதயம் தேறி, நுரையீரல் தேறாவிட்டால், மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த கறுத்த இரத்தம்தான் போகும். அதை முதலில் காட்டிக்கொடுப்பது வலது கை. ஆர்ட்டீரியல் லைன் (தமனியில் போடும் மெல்லிய குழாய்) அங்கேதான்.

திறக்காத அயோர்டிக் வால்வு

எக்மோ பம்ப் இதயத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளும். இதயத்தின் வாசலான அயோர்டிக் வால்வு அதை மீறித் திறக்காவிட்டால், இரத்தம் உள்ளேயே தேங்கும். இடது வென்ட்ரிகிள் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். வால்வு திறக்கிறதா என்று தினமும் எக்கோவில் பாருங்கள்.

கால்

கேனுலா போட்ட காலுக்கு இரத்தம் குறையலாம். தொட்டுப் பாருங்கள். போர்வையை விலக்கி.