ட்யூப் ஆம்ப்பும் மாடலரும்: நாலு கேபிள் முறை

என்னிடம் இருப்பது மார்ஷல் டிஎஸ்எல்40 என்ற ட்யூப் (வால்வு) கிட்டார் ஆம்ப்பும், ஆம்ப்களின் சத்தத்தையும் எஃபெக்ட்களையும் டிஜிட்டலாக உருவாக்கும் லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற மாடலரும். ஸ்டாம்ப்புக்குள் ஆம்ப் மாடல்கள் ஏராளம். ஆனால் டிஎஸ்எல்லோடு வாசிக்கும்போது அவற்றில் ஒன்றைக்கூட நான் தொடுவதில்லை. இரண்டு இஎல்34 வால்வுகள் சூடாகி 12 அங்குல ஸ்பீக்கரைத் தள்ளும்போது வருகிற சத்தத்துக்காகத்தான் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். மாடலர் அந்தக் குரலில் கை வைக்கக் கூடாது. வா (wah, சத்தத்தை 'வாவ்' என்று வளைக்கும் எஃபெக்ட்), ட்ரைவ் (கரகரப்பு), டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) தந்தால் போதும். அதனால் ப்ரீசெட்டில் (மாடலரில் சேமித்து வைக்கும் எஃபெக்ட் வரிசை) ஆம்ப் ப்ளாக், கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) ப்ளாக் இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள். நிஜ ஸ்பீக்கருக்கு மேல் இன்னொரு ஸ்பீக்கர் மாடலை ஏற்றினால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி அடைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் ஆம்ப்பின் முன்னால் மாட்டினால் என்ன? க்ளீன் சேனலில், அதாவது கரகரப்பில்லாத சேனலில், மட்டும் வாசிப்பவருக்குப் பிரச்சினையில்லை. ஆனால் டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ப்ரீஆம்ப்பில், அதாவது ஆம்ப்பின் முதல் பகுதியில், உருவாகிறது என்றால், அதற்கு முன்னால் நிற்கும் டிலேயின் எதிரொலிகளும் அதே கெயினுக்குள் (பெருக்கத்துக்குள்) போகும். மெல்லத் தேய வேண்டிய எதிரொலி அமுக்கப்பட்டு, அடித்த ஸ்வரத்துக்குச் சமமாக மேலே வரும். ரிவெர்ப் இன்னும் மோசம், வெறும் இரைச்சல்தான். எனவே வா, கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), ட்ரைவ் ப்ரீஆம்ப்புக்கு முன்னால். டிலே, ரிவெர்ப் அதற்குப் பின்னால். ஒரே பெட்டி இந்த இரண்டு இடத்திலும் வேலை செய்ய நாலு கேபிள் வேண்டும்.

ஆம்ப்பை அணைத்துவிட்டு மாட்டுங்கள்; ஸ்பீக்கர் கேபிளை மட்டும் எப்போதும் கழற்றாதீர்கள். கிட்டாரிலிருந்து மாடலரின் இன்புட்டுக்கு முதல் கேபிள். மாடலரின் சென்ட்டிலிருந்து (சிக்னலை வெளியே அனுப்பும் துளை) ஆம்ப்பின் முன்பக்க இன்புட்டுக்கு இரண்டாவது. ஆம்ப்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ப்ரீஆம்ப்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே உள்ள வாசல்) உள்ள சென்ட்டிலிருந்து மாடலரின் ரிட்டர்னுக்கு (சிக்னலைத் திரும்ப வாங்கும் துளை) மூன்றாவது. மாடலரின் இடது அவுட்புட்டிலிருந்து ஆம்ப்பின் லூப் ரிட்டர்னுக்கு நாலாவது. நாலும் சாதாரண கிட்டார் கேபிள்தான். ப்ரீசெட்டில் ட்ரைவுக்கும் டிலேக்கும் நடுவே எஃபெக்ட்ஸ் லூப் ப்ளாக் ஒன்றை வையுங்கள். உங்கள் ப்ரீஆம்ப் உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்.

அடுத்தது சிக்னலின் அளவு. நிறையப் பேர் வெறுத்துப்போய் கழற்றி வைப்பது இந்த இடத்தில்தான், அதனால் பொறுமையாகச் செய்யுங்கள். முதலில் கிட்டாரை நேராக ஆம்ப்பில் குத்தி, க்ளீன் சேனலில் ஒரு ஈ கார்டை ஓங்கி அடித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் நாலு கேபிளையும் மாட்டி, லூப் ப்ளாக் தவிர மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு அதே கார்டை அடியுங்கள். இரண்டும் ஒன்றாகவே கேட்க வேண்டும். க்ளீன் சேனல் தானாகவே கரகரத்தால், மாடலரின் சென்ட் லைன் அளவில், அதாவது கிட்டாரின் அளவைவிட வலுவாக, அனுப்புகிறது. குளோபல் செட்டிங்ஸில் அதை இன்ஸ்ட்ருமென்ட்டுக்கு மாற்றுங்கள். ஓங்கி அடிக்கும்போது மட்டும் கண்ணாடி கீறுகிற மாதிரி ஒரு வெடிப்பு வந்தால், ஆம்ப்பின் சென்ட் மாடலரின் ரிட்டர்னுக்குத் தாங்க முடியாத அளவில் வருகிறது. சில ஆம்ப்களின் பின்னால் லூப்பின் சிக்னல் அளவுக்கு +4, -10 என்று சுவிட்ச் இருக்கும், அதைக் குறைவான -10-இல் போடுங்கள். ஸ்டாம்ப்பின் வால்யூம் குமிழ் முழுக்கத் திறந்திருக்கட்டும். மிச்ச வித்தியாசத்தை லூப் ப்ளாக்கின் ரிட்டர்னில் ஒன்றிரண்டு டெசிபல் ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

மாட்டியதும் 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் பயப்படாதீர்கள். இரண்டு பெட்டிகளும் பல கேபிள்களின் வழியே எர்த்தைப் பகிர்ந்துகொள்வதால் வருவது அது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள சின்ன ஹம் எலிமினேட்டர் ஒன்றை லூப் கேபிளில் போடுங்கள். எர்த் பின்னை உடைப்பது, மூணு பின் ப்ளக்கை ரெண்டு பின் அடாப்டரில் சொருகுவது, இது மட்டும் வேண்டவே வேண்டாம். ஹம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற பெட்டி அது, அதோடு கம்பியால் கட்டப்பட்ட கிட்டார் உங்கள் கையில் இருக்கிறது.

நான் வைத்திருக்கும் டிலே 380 மில்லிசெகண்ட், மிக்ஸ் 20 சதவீதம், மேல் அலைவரிசைகளை 3 கிலோஹெர்ட்ஸில் வெட்டியிருக்கிறேன். வெட்டாவிட்டால் எதிரொலி பிளெக்ட்ரத்தின் 'டிக்'கோடு திரும்பி வந்து அடுத்த வரியில் மோதும். ஆம்ப்பின் மாஸ்டர் வால்யூமை ரொம்ப முறுக்கினால் பவர் வால்வுகளின் சத்தமும் கரகரக்கத் தொடங்கி, லூப்பில் வைத்த டிலேயையும் கலக்கிவிடும். அப்போது மாஸ்டரைக் கொஞ்சம் இறக்குங்கள்.

ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் மாதிரி லூப்பே இல்லாத ஆம்ப் என்றால் ரெண்டு கேபிள்தான், எல்லாமே முன்னால். ஆம்ப்பை க்ளீனாக வைத்து, டிஸ்டார்ஷனை மாடலரின் ட்ரைவ் ப்ளாக்கில் எடுத்து, டிலேயை அதற்குப் பின்னால் போடுங்கள். ரிவெர்ப்புக்கு ஆம்ப்பிலேயே இருக்கிற ஸ்ப்ரிங் ரிவெர்ப் போதும், மாடலரில் தனியாக வேண்டாம்.