நடுச்சாமத்தில் ரொறன்ரோவை எழுப்பாமல் கலண்டரைத் திருத்துவது

வடமராட்சியில் இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். கூட்டத்துக்கு அழைக்கிற பட்டியலில் என்னைத் தவிர 36 பேர். அதில் 11 பேர்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். மிச்சப் பேர் ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண். மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் 4.30க்குக் கூட்டம். கூகிள் கலண்டரில் போட்டு, மீற்றிங் லிங்கையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

ஒரு ஆவணி மாதம், புலமைப்பரிசில் கொடுக்கிற கூட்டத்துக்கு முதல் கிழமை, காலை 11.30க்கு இருந்து விபரத்தைத் திருத்தினேன். ஒரு பிள்ளையின் பெயரில் எழுத்துப்பிழை. திருத்திச் சேமித்தேன். பிறகு தொகை ஒன்று பிழையாகக் கண்ணில் பட்டது. அதையும் திருத்திச் சேமித்தேன். பிறகு நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. மூன்று தரமும் 'சென்ட்' என்ற நீல நிறப் பொத்தானை அமத்தினேன். 36 பேருக்கு மூன்று தரம், மொத்தம் 108 மின்னஞ்சல்.

இங்கே காலை 11.30 என்றால் கோடையில் ரொறன்ரோவில் அதிகாலை 2 மணி. அன்று பின்னேரம் அங்கிருக்கிற எங்கள் பொருளாளர் அண்ணை போன் எடுத்தார். "பிள்ளை, ரெண்டு மணிக்கு போன் மூண்டுதரம் சத்தம் போட்டுது. அம்மாவுக்கு ஏதோ ஆச்செண்டு நினைச்சு எழும்பினனான், பிறகு நித்திரையே வரேல்லை." அவருடைய அம்மாவுக்கு 88 வயது, அல்வாயில் இருக்கிறா. அந்த அம்மாவுக்காகத்தான் அவர் இரவிலும் போனின் சத்தத்தைக் குறைப்பதில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரருக்கும், ஊரில் தாய் தகப்பன் இருக்கிற வெளிநாட்டுக்காரருக்கும் நேரங்கெட்ட நேரத்துப் போன் சத்தம் என்ன பயத்தைக் கொடுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு எழுத்துப்பிழைக்காக அந்தப் பயத்தை நான் கொடுத்திருக்கக் கூடாது.

அதன் பிறகுதான், மடல் போகாமல் கலண்டரைத் திருத்துகிற விசயத்தை இருந்து வடிவாகப் படித்தேன். சங்கம், கோயில் பரிபாலன சபை, ரியூசன் வகுப்பு, அலுவலகம் என்று எதற்காகக் கலண்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் கூகிள் கலண்டர். கொம்பியூட்டரில் செய்யுங்கள், கேள்வி தெளிவாகத் திரையில் வரும். நிகழ்வைத் திறந்து, பென்சில் படத்தை அமத்தி, திருத்த வேண்டியதைத் திருத்தி, 'சேவ்' கொடுங்கள். மாதாமாதம் திரும்ப வருகிற கூட்டம் என்றால், இந்த ஒன்றை மட்டுமா, இதையும் இனி வருபவற்றையுமா, எல்லாவற்றையுமா மாற்றுவது என்று முதலில் கேட்கும். அதற்குப் பிறகு, அழைக்கப்பட்டவர்களுக்கு மாற்றத்தை மின்னஞ்சலில் அறிவிக்கவா என்று ஒரு சிறு பெட்டி வரும். அங்கே 'டோன்ட் சென்ட்' என்பதை அமத்தினால் மாற்றம் சேமிக்கப்படும், மடல் போகாது. 'சென்ட்' நீல நிறத்தில் எடுப்பாக இருக்கிறபடியால் கை தானாக அங்கேதான் போகும். இன்னும் ஏதும் திருத்த இருக்கிறது என்று அந்த நேரம் ஞாபகம் வந்தால் திரும்பிப் போய்த் திருத்துவதற்கும் அதே பெட்டியில் வழி இருக்கிறது. நிகழ்வை மவுஸால் இழுத்து வேறு நேரத்தில் விட்டாலும் இதே கேள்விதான் வரும்.

இதில் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. 'டோன்ட் சென்ட்' கொடுத்தால் மாற்றம் உங்களோடு மட்டும் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். அவர்களும் கூகிள் கலண்டர் வைத்திருந்தால் அவர்களுடைய கலண்டரிலும் நிகழ்வு மாறிவிடும். மாறியதைச் சொல்லுகிற மடல் மட்டும்தான் போகாமல் நிற்கும். அதனால் இரகசியமாக ஒன்றை எழுதி வைப்பதற்கு இது வழி இல்லை. உங்களுக்கு மட்டும் தேவையான குறிப்பு என்றால், ஆட்களைச் சேர்க்காமல் அதே நேரத்துக்குத் தனியாக ஒரு நிகழ்வு போட்டு அதில் எழுதுங்கள். நிகழ்வின் நிறத்தை மாற்றுவதும் உங்களுக்கான நினைவூட்டலை மாற்றுவதும் உங்களுக்குச் சொந்தமான விசயம். அதில் எவருக்கும் ஒன்றும் போகாது, ஆறுதலாகச் செய்யலாம்.

அண்ணையின் போனுக்குப் பிறகு நான் மறுபக்கம் சாய்ந்து இன்னொரு பிழை விட்டேன். இதைத்தான் நான் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

நவம்பர் தொடக்கம் கூட்டத்தை 5.30க்கு மாற்றினோம். எவரையும் குழப்பக் கூடாது என்று 'டோன்ட் சென்ட்' கொடுத்துவிட்டேன். கலண்டரில் நேரம் மாறும், எல்லாரும் பார்ப்பார்கள் என்று நம்பினேன். எனக்கு ஐந்தாம் வகுப்பில் படிப்பித்த ரீச்சர் கோப்பாயில் இருக்கிறா. அவ கலண்டர் அப்பைத் திறப்பதே இல்லை. மடல் வந்தால் அதைப் பார்த்து, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற நாட்காட்டியில் பேனையால் எழுதி வைப்பா. அந்த ஞாயிறு பேரனின் போனை வாங்கி, 4.30க்கு லிங்கைத் திறந்து, சீலை கட்டி ஆயத்தமாக ஒரு மணித்தியாலம் தனியே இருந்திருக்கிறா. 5.30க்கு நாங்கள் வர, "நான்தான் பிழையா எழுதிப்போட்டனோ, பிள்ளை?" என்று கேட்டா. அவ எழுதியது சரி. சொல்லாமல் விட்டது நான்.

ஆகவே இப்போது எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்த மாற்றத்தைத் தெரியாத ஒருவர் பிழையான நேரத்துக்கு, பிழையான இடத்துக்கு, பிழையான லிங்குக்குப் போய்விடுவாரா? அப்படியென்றால் கட்டாயம் அனுப்புவேன். நாள், நேரம், இடம், லிங்க், கூட்டம் நிற்பாட்டுவது எல்லாம் இதற்குள் வரும். எழுத்துப்பிழை, விபரத்தில் ஒரு வரி, தலைப்பை அழகாக்குவது போன்றவைக்கு அனுப்புவதில்லை. கூட்டத்தை அழிக்கிறபோதும் கலண்டர் இதே கேள்வியைக் கேட்கும். அங்கே 'டோன்ட் சென்ட்' கொடுத்தால் அவர்களுடைய கலண்டரிலிருந்து நிகழ்வு சத்தமில்லாமல் மறைந்துவிடும். ரீச்சரைப் போல நாட்காட்டியில் எழுதி வைத்தவர் என்ன செய்வார்? நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் கூட்ட ஞாயிறு விழுந்தால் அந்த ஒரு கூட்டத்தை மட்டும் அழிப்போம். அதற்கும் மடல் அனுப்பித்தான் அழிப்பேன்.

புதிதாக ஒருவரைச் சேர்க்கிறபோதும் அனுப்புங்கள். தான் மடலுக்குப் பதில் சொன்ன பிறகுதான் அழைப்பு கலண்டரில் ஏற வேண்டும் என்று ஒருவர் தன் கூகிள் கலண்டரில் அமைத்து வைத்திருக்கலாம். மடலே போகாவிட்டால் அவர் எதற்குப் பதில் சொல்லுவது? கூட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

கூகிள் கலண்டரே இல்லாதவர்களைப் பற்றியும் யோசியுங்கள். எங்கள் பட்டியலில் யாஹூ, ஹொட்மெயில் முகவரிக்காரர் ஐந்து பேர். அவர்களிடம் மாற்றம் போய்ச் சேருவதற்கு மின்னஞ்சல்தான் பாதை. மென்பொருள் வேலை செய்கிற என் தம்பி, கூகிள் புரோகிராம் எழுதுபவர்களுக்குக் கொடுத்திருக்கிற குறிப்பைக் காட்டினான். அங்கே எல்லாருக்கும் அனுப்பு, கூகிள் கலண்டர் இல்லாதவர்களுக்கு மட்டும் அனுப்பு, எவருக்கும் அனுப்பாதே என்று மூன்று தெரிவு. மூன்றாவதைப் பாவித்தால் வெளிக் கலண்டர்களில் நிகழ்வு ஒத்துப்போகாமல் போகலாம், சிலருக்கு நிகழ்வே தவறிப்போகலாம் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

அவுட்லுக் பாவிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். அங்கே ஒவ்வொருவரிடமும் கூட்டத்தின் ஒரு பிரதி இருக்கிறது. நீங்கள் அனுப்புகிற புதுப்பிப்புத்தான் அந்தப் பிரதியை மாற்றுகிறது. பழைய டெஸ்க்ரொப் அவுட்லுக்கில், திருத்தியதை அனுப்பாமல் மூடினால், அனுப்பாமல் சேமிக்கவும் வழி காட்டும். அதைத் தெரிவு செய்தால் மாற்றம் உங்களுடைய கலண்டரில் மட்டும்தான் இருக்கும். உங்களிடம் 5.30, மற்ற எல்லாரிடமும் 4.30. உங்களுக்கான சின்னக் குறிப்பு என்றால் பரவாயில்லை. நேரத்தை அப்படி மாற்றவே மாற்றாதீர்கள். ஆனால் அவுட்லுக்கில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. ஒருவரைச் சேர்த்தோ நீக்கியோ மட்டும் திருத்தினால், அவருக்கு மட்டும் அனுப்பவா, எல்லாருக்கும் அனுப்பவா என்று கேட்கும். அவருக்கு மட்டும் என்று கொடுங்கள். மற்றவர்களின் நித்திரை கலையாது.

திருத்தமே செய்யத் தேவையில்லாமல் வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் நல்லது. நான் இப்போது நிகழ்ச்சி நிரலைக் கலண்டருக்குள் எழுதுவதில்லை. கூகிள் டொக்ஸில் எழுதி, லிங்க் வைத்திருப்பவர்கள் வாசிக்கலாம் என்று அனுமதி கொடுத்து, அந்த லிங்கை நிகழ்வின் விபரத்தில் ஒரு தரம் ஒட்டி விட்டேன். பிள்ளையின் பெயரைப் பத்துத் தரம் திருத்தினாலும் கலண்டர் அசையாது. புதுக் கூட்டம் போடுகிறபோது ஆட்களைச் சேர்க்காமலே முதலில் எல்லாவற்றையும் எழுதிச் சேமித்து, ஒரு நாள் விட்டு மறுநாள் வாசித்துப் பார்த்து, கடைசியில்தான் 36 பேரையும் சேர்க்கிறேன். ஆட்களைச் சேர்க்கிற இடத்திலேயே, நிகழ்வைத் திருத்துகிற உரிமை அவர்களுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். பொதுவாக அது கொடுபட்டிருக்காது, அப்படியே விடுங்கள்; ஆனால் வேறு ஆட்களை அழைக்கிற உரிமை கொடுபட்டிருக்கும்.

வருசத்துக்கான நிகழ்ச்சிகளைக் காட்ட மட்டும் வேண்டுமென்றால் அழைப்பே வேண்டாம். சங்கத்துக்கென்று தனிக் கலண்டர் ஒன்று திறந்து உறுப்பினர்களோடு பகிருங்கள். அதில் ஆட்களைச் சேர்க்காத நிகழ்வைத் திருத்தினால், மாற்றங்களை அறிவி என்று தன் பக்கத்தில் தானே போட்டு வைத்தவருக்கு மட்டும்தான் மடல் போகும். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, சரஸ்வதி பூசை எல்லாம் எங்களுக்கு இப்போது அந்தக் கலண்டரில்தான்.

நேரம் பற்றி ஒன்று. எங்கள் நேரம் வருசம் முழுக்க ஒன்றுதான், உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. மற்ற மூன்று ஊரும் மணிக்கூட்டை மாற்றும். சித்திரையில் 4.30க்குக் கூட்டம் என்றால் ரொறன்ரோவில் காலை 7, லண்டனில் மதியம் 12, மெல்பேர்ணில் இரவு 9. நவம்பரின் முதல் ஞாயிறு ரொறன்ரோ மணிக்கூட்டைப் பின்னுக்கு எடுக்கும்; அதே ஞாயிறுதான் எங்கள் கூட்டமும். நாங்கள் 4.30இல் நின்றால் ரொறன்ரோக்காரர் குளிருக்குள் காலை 6 மணிக்கு எழும்பி இருக்க வேண்டும். அதற்காகத்தான் நவம்பர் தொடக்கம் மார்ச் வரை 5.30. ரொறன்ரோவும் லண்டனும் பழைய நேரத்திலேயே நிற்க, மெல்பேர்ண் இரவு 11க்குப் போகிறது. அவர்கள் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள், நன்றியோடு சொல்கிறேன். இந்த மாற்றத்தைச் செய்கிறபோது 'இதையும் இனி வருபவற்றையும்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'எல்லாவற்றையும்' கொடுத்தால் முடிந்துபோன கூட்டங்களின் நேரமும் மாறி, பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகாது.

அனுப்பத்தான் வேண்டும் என்கிற மாற்றத்துக்கும் நான் நேரம் பார்க்கிறேன். கோடையில் எங்கள் பின்னேரம் 5 மணி என்றால் ரொறன்ரோவில் காலை 7.30, லண்டனில் மதியம் 12.30, மெல்பேர்ணில் இரவு 9.30. மூன்று ஊரும் முழித்திருக்கும். மாரியில் அரை மணித்தியாலம் பிந்தி 5.30. காலையில் திருத்த வேண்டியவற்றைத் துண்டில் எழுதி வைத்துவிட்டு, பின்னேரம் தேத்தண்ணி குடித்த பிறகு எல்லாவற்றையும் ஒரே தரத்தில் திருத்தி ஒரு தரம் 'சேவ்' கொடுக்கிறேன். அறிவிப்பு மடலோடு இரண்டு வரி எழுதி அனுப்பவும் கூகிளில் இடம் உண்டு. அதில் பழைய நேரம், புது நேரம் இரண்டையும் நான்கு ஊர்க் கணக்கிலும் எழுதுகிறேன். ரீச்சருக்கு அதைவிட ஒரு போன்.

பெறுகிறவரும் தன் பக்கத்தில் ஒன்று செய்யலாம். கொம்பியூட்டரில் கூகிள் கலண்டரின் அமைப்புகளுக்குள் போய், இடப்பக்கத்தில் தன்னுடைய கலண்டரின் பெயரை அமத்தி, கீழே இறங்கினால் மற்ற அறிவிப்புகள் என்ற பகுதி வரும். புதிய நிகழ்வு, மாறிய நிகழ்வு, நிற்பாட்டிய நிகழ்வு, மற்றவர்களின் பதில் என்று ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் வேண்டுமா வேண்டாமா என்று தனித்தனியே தெரிவு செய்யலாம். பொருளாளர் அண்ணைக்கு வீடியோவில் வந்து இதைக் காட்டிக் கொடுத்தேன். மாறிய நிகழ்வை நிற்பாட்டினார், நிற்பாட்டிய நிகழ்வுக்கான மடலை அப்படியே விட்டார். நேரம் மாறினால் எப்படித் தெரியும் என்று கேட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல்நாள் அவருடைய காலை 8 மணிக்கு நான் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுகிறேன். போனின் சத்தம் இரவில் அப்படியேதான் இருக்கிறது, அல்வாயில் அம்மா இருக்கிறபடியால்.