வெள்ளைத்தாளில் எழுதினாலும் உயில் செல்லும், சாட்சியை மட்டும் பார்த்துப் பிடியுங்கள்

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. சொன்னால் நம்பாமல் பத்திரத்தாள் வாங்கி வந்துதான் உட்காருகிறார்கள். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது உங்கள் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னாலேயே போடும் கையெழுத்தும்தான்.

வம்பு வருவதும் அந்தச் சாட்சிகளால்தான். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டில் ஏறி "ஆமாம், நான் பார்க்கத்தான் போட்டார்" என்று சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே கதைதான், சார்பதிவாளர் முத்திரை இருக்கிறதே என்று தப்ப முடியாது. எழுபது வயது நண்பரைக் கூட்டிவராதீர்கள். உங்களைவிட இளையவராக, ஊரிலேயே இருப்பவராக, உங்களை நன்றாகத் தெரிந்தவராகப் பாருங்கள். சொத்து பெறப்போகிறவரும் அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போடக்கூடாது; கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்படிப் போட்டால் அவருக்கு எழுதிய பங்கே செல்லாமல் போகும், இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். வயதானவர் என்றால் அன்றைய தேதியில் டாக்டரிடம் ஒரு சான்றிதழும் வாங்கி வையுங்கள்.

அப்புறம், எதை எழுதலாம் என்பது. சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகத்தில் உங்கள் பங்கை மட்டும்தான். இந்துக் குடும்பங்களில் அதில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பதை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தமும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சந்தேகமில்லாமல் சொல்லிவிட்டன. "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்று சொல்லி அதைக் கழிக்க முடியாது. முஸ்லிம்கள் மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

உயிலே இல்லை என்றால்? இந்து ஆணின் சொத்து மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சமமாகப் போகும். இந்த அம்மா பங்கைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அம்மா உயில் எழுதாமல் காலமானால் அந்தப் பங்கில் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் வந்து நிற்பார்கள், உங்கள் மனைவி வீட்டை விற்க அத்தனை பேரிடமும் கையெழுத்துக்கு அலைய வேண்டும்.

சொத்து விவரத்தில் கதவு எண்ணோடு நிறுத்தாமல் சர்வே எண், உட்பிரிவு, பத்திர எண், வருடம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், நான்கெல்லை எல்லாம் தாய்ப்பத்திரத்தைப் பார்த்தே எழுதுங்கள். "இதில் சொல்லாத மற்றச் சொத்துகள் இன்னாருக்கு" என்று ஒரு வரியும் இருக்கட்டும்.

நம் ஊர் உயில்களில் வழக்கமாக வரும் வரி ஒன்று உண்டு: "என் மனைவி ஆயுட்காலம் வரை அனுபவித்து, அவருக்குப் பின் பிள்ளைகள் அடைய வேண்டியது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் விற்கலாமா, அடமானம் வைக்கலாமா, வாடகை யாருக்கு? இந்த மாதிரி வரிகளை வைத்தே உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் மனைவிக்கு முழு உரிமையாகவே எழுதிவிடுவது மேல்.

பேங்கில் நாமினி போட்டாச்சே என்று இருந்துவிடாதீர்கள். டெபாசிட்டுக்கும் ஷேருக்கும் நாமினி பணத்தை வாங்கி வைக்கிறவர்தான், சொந்தக்காரர் உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோதான். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் தலைவலி குறையும்.

உயில் வேண்டாம், இப்போதே செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுங்கள் என்று பிள்ளைகள் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். உயிலை எத்தனை தடவையும் மாற்றலாம், செட்டில்மென்ட் பதிவானால் சொத்து கைமாறியது மாறியதுதான். எழுதியே ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். அது இருந்தால், கைவிட்டவர்கள் மீது 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

தானாகச் சமாளிக்க முடியாத பிள்ளை இருக்கும் வீட்டில் மட்டும் தனியார் டிரஸ்ட் (அந்தப் பிள்ளைக்காகச் சொத்தை நம்பிக்கையான ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) பற்றி யோசியுங்கள், அதற்கு நல்ல வக்கீல் தேவை. மற்றவர்களுக்கு உயிலே போதும்.

புது உயில் எழுதும்போது "இதற்கு முன் எழுதியதெல்லாம் ரத்து" என்று சேர்த்து, பழையதைக் கிழித்துவிடுங்கள். அசலை லாக்கரில் பூட்டி, அந்த லாக்கர் உங்கள் ஒருவர் பேரில் மட்டும் இருந்தால் அதைத் திறப்பதே பெரும்பாடு. உயிலை நிறைவேற்ற யாரை நியமித்தீர்களோ அவரிடம், அது எந்த பீரோவில் இருக்கிறது என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.