வேட்டைக்குப் போன வயலில் போர்க்கால ஈயக்குண்டு கிடைத்தால் செய்யக்கூடாதவை

இங்கிலாந்தில் அக்டோபர் முதல் தேதி தொடங்கி பிப்ரவரி முதல் தேதி வரை பெசன்ட் பறவை வேட்டைக் காலம். உழுது போட்ட வயல்களில் மழை பெய்து மண் கரைகிற மாதங்களும் அவையே என்பதால், துப்பாக்கியோடு உழவுச்சால்களைக் கடந்து நடப்பவரின் கண்ணில் கோலிக்குண்டு அளவில் வெளிறிய உருண்டை ஒன்று படுவதுண்டு. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். எட்ஜ்ஹில், மார்ஸ்டன் மூர், நேஸ்பி போன்ற ஊர்ப்பக்கமாக இருந்தால், 1640-களில் மன்னர் முதலாம் சார்லஸின் படையும் நாடாளுமன்றப் படையும் மோதியபோது மஸ்கட் துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டாக அது இருக்கக்கூடும்.

முதல் தவறும் பெரிய தவறும், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடையைத் தொடர்வதுதான். அந்தக் குண்டைப் போன்றவை ஆயிரக்கணக்கில் உண்டு. தனியே எடுத்து வைத்தால் அது சொல்வது சொற்பம். எந்த இடத்தில், எந்தக் குண்டுகளுக்கு அருகில் கிடந்தது என்பதுதான் படை எங்கே நின்றது, எந்தத் திசையில் சுட்டது, எந்த வழியாகப் பின்வாங்கியது என்பதைக் காட்டும். 1485 ஆகஸ்ட் 22-இல் மன்னர் மூன்றாம் ரிச்சர்டு மாண்ட பாஸ்வொர்த் போர் ஆம்பியன் குன்றில் நடந்ததாகவே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. பல ஆண்டுகள் வயல் வயலாக உலோகம் தேடி, கிடைத்த ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்த பிறகே, 30-க்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளும், ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி உருவம் கொண்ட, பொன்முலாம் பூசிய சிறு வெள்ளி வில்லையும் அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தென்மேற்கே வெளிப்பட்டன. வேட்டைக்கு வந்தவர்கள் ஆண்டுதோறும் இரண்டு மூன்றாகப் பொறுக்கிப் போயிருந்தால் அந்தக் களம் இன்றும் தவறான குன்றின் மேலேயே இருந்திருக்கும்.

ஆகவே எடுப்பதற்கு முன் கிடந்த நிலையிலேயே கைப்பேசியில் ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடக் கட்ட எண்ணை எட்டு இலக்கமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எட்டு இலக்கம் என்றால் பத்து மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். ‘மேற்கு வேலியோரம்’ என்று நினைவில் வைத்துக்கொள்வது, இரண்டாவது குண்டு கிடைத்ததுமே குழம்பிப் போகும். ஒன்றுக்கு மேல் கிடைத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இட்டு, அதன் கட்ட எண்ணை உறையின் மேலேயே எழுதுவது நல்லது.

அடுத்தது, வீட்டுக்கு வந்ததும் தேய்த்துப் பளபளப்பாக்குவது. மண்ணில் முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கிடந்த ஈயத்தின் மேல் வெண்மையாகப் பூத்திருக்கும் படலம் அழுக்கன்று. உள்ளே இருப்பதைக் காக்கும் தோல் அது. குழாய்க்குள் மோதிக்கொண்டு வந்ததால் இடுப்பைச் சுற்றி விழுந்த பட்டை, வார்ப்பச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு, எலும்பிலோ கல்லிலோ பட்டு நசுங்கிய முகம் எல்லாம் அந்தத் தோலில்தான் பதிந்திருக்கின்றன. வினிகரில் ஊறவைத்தால் ஈயமே அரிக்கப்படும்; கம்பித் தூரிகை கோடுகளை அழிக்கும்; கிளம்பும் தூள் உடலுக்கு நஞ்சு. ஒட்டிய மண் காய்ந்து தானாக உதிரும் அளவுக்கு மேல் எதுவும் செய்யாமல், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

நசுங்கியது பயனற்றது என்று வீசுவதும் தவறு. உருண்டையாக இருப்பது சுடப்படாமல் நழுவி விழுந்ததாகவும் இருக்கலாம். நசுங்கியது சுடப்பட்டு எதிலோ பட்டதற்குச் சாட்சி. எடையைப் பார்ப்பதும் வேட்டைக்காரருக்கு எளிது. அவர் தோளில் தொங்கும் ‘12 போர்’ (bore, குழாய் விட்ட அளவு) துப்பாக்கியின் ‘12’ என்பது, ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழாய் விட்டமுள்ள உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்ற பழைய கணக்குத்தான். 453.6 கிராமைக் குண்டின் எடையால் வகுத்தால் அதே எண் கிடைக்கும். 37 கிராம் குண்டு ஏறக்குறைய 12 என்று வரும். அது காலாட்படை மஸ்கட்டின் அளவு. குதிரைவீரரின் கைத்துப்பாக்கிக் குண்டு அதைவிட மிக இலேசானது.

பல்தடம் பதிந்த குண்டு கிடைத்தால், அறுவை சிகிச்சையின் வலியைத் தாங்கப் படைவீரர் கடித்தது என்று கதை கட்டிவிடுவார்கள். மண்ணைக் கிளறும் பன்றிகள் மென்றவையே அவற்றில் பெரும்பாலானவை. எல்லா ஈயக்குண்டும் போரில் வந்தது என்று முடிவு கட்டுவதும் அவ்வாறே. பழைய வேட்டையிலும் குறி பார்க்கும் பயிற்சியிலும் சிந்தியவை ஊரெங்கும் உண்டு.

வேட்டையாட அனுமதி உண்டு என்பதற்காகத் தோண்டவும் எடுத்துச் செல்லவும் அனுமதி உண்டு என்று கொள்ளக்கூடாது. கிடைத்த பொருள் பொதுவாக நில உரிமையாளருக்கே சேரும்; மறுநாள் உலோகம் தேடும் கருவியோடு வருவதானால் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்ன நிலமானால் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் உரிமம் இல்லாமல் அந்தக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். ஈயக்குண்டு பொதுவாகப் புதையல் ஆகாது. ஆனால் 300 ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளி வில்லை, ஒரே இடத்தில் கிடைத்த இரண்டு வெள்ளிக் காசுகள் போன்றவை 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும். 14 நாட்களுக்குள் கொரோனர் எனும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு: அங்கே உரிமையாளர் அறியப்படாத பழம்பொருள் மன்னருக்கு உரியது, ஈயக்குண்டு உட்பட எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும்.

கையே வைக்கக்கூடாதவையும் உண்டு. இரும்பு உருண்டை உள்ளே வெடிமருந்து அடைத்த பழைய எறிகுண்டாக இருக்கலாம். இரண்டாம் உலகப் போர்ப் பயிற்சிக்குப் பயன்பட்ட நிலங்களில் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடைக்கின்றன. துரு ஏறியதால் வலு போயிற்று என்று நம்பி உதைத்துப் பார்ப்பதோ வண்டியில் ஏற்றிச் செல்வதோ உயிருக்கு ஆபத்து. இடத்துக்கு அடையாளம் வைத்து, நாய்களையும் உடன் வந்தவர்களையும் விலக்கி, அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும். மனித எலும்பு போலத் தெரிந்தாலும் தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டுக் காவல் துறைக்குச் சொல்ல வேண்டும்.

மற்றவற்றை, பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்யும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தின் உள்ளூர் அலுவலரிடம் கொண்டுபோகலாம். அவர் எடையும் அளவும் எடுத்து, படம் பிடித்து, கட்ட எண்ணோடு பதிவு செய்தபின் குண்டைத் திருப்பித் தந்துவிடுவார்.