பால் பற்களும் இரவுத் துலக்கலும்: சிறு குழந்தைகளின் பற்களைப் பேணும் முறை

"விழுந்து முளைக்கிற பல்தானே, போகட்டும்" என்ற பேச்சு எழாத வீடு நம்மிடையே குறைவு. என் மூத்த மகளுக்கு மூன்று வயதில் மேல் முன்பற்கள் பழுப்பேறி ஓரம் உதிரத் தொடங்கியபோது நானும் அதையே சொல்லிக்கொண்டேன். கன்னம் வீங்கி, இரண்டு இரவுகள் உறங்காமல் அவள் அழுத பிறகுதான் பால் பல்லுக்கும் வலி உண்டு, சீழ் உண்டு, சிகிச்சை உண்டு என்பது எனக்கு உறைத்தது. அடுத்துப் பிறந்த மகனுக்கு நாங்கள் கடைப்பிடித்த முறைகளையும், அவற்றின் காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

பால் பற்கள் மொத்தம் 20. கீழ்த்தாடையின் முன்பற்கள் ஏறத்தாழ ஆறாவது மாதத்தில் தலைகாட்டத் தொடங்கி, மூன்று வயதுக்குள் அனைத்தும் முளைத்துவிடுகின்றன. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிட்டாலும், கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் நின்று உணவை அரைக்க வேண்டியவை. அவற்றுள் ஒன்று சொத்தையால் முன்கூட்டியே பிடுங்கப்பட்டால், பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாய்ந்துகொள்ள, அடியிலிருந்து மேலே வரும் நிலைப்பல் இடமின்றிக் கோணலாக முளைக்கலாம். மேலும் பால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் நிலைப்பல்லினுடையதைவிட மெல்லியதாகையால், அதில் விழும் சொத்தை விரைவாக நரம்பு வரை இறங்கிவிடுகிறது.

சொத்தை உருவாகும் விதத்தைப் புரிந்துகொண்டால், எதைச் செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். பல்லின்மீது படிந்திருக்கும் பாக்டீரியாக்கள், குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற வகை, நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன; அந்த அமிலம் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது; உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களைப் பல்லுக்குத் திருப்பித் தர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. உறங்கும்போது உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கிறது. ஆகவே, இரவில் பல்லில் ஒட்டிய இனிப்பு விடியும் வரை தடையின்றி வேலை செய்கிறது. காலையில் பல் துலக்காமல் காபி கூடக் குடிக்காத நம் குடும்பங்கள் பலவற்றில் இரவுத் துலக்கல் என்பதே இல்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த ஒரு குறையைத் தீர்ப்பதே பாதி வேலை என்பது என் உறுதியான கருத்து.

பல் முளைக்கும் முன்பே, பாலூட்டிய பின் ஈரமான மென்துணியை விரலில் சுற்றி ஈறுகளைத் துடைத்துவிடலாம். வாய்க்குள் பெரியவரின் விரல் வருவது இதனால் குழந்தைக்குப் பழகிப்போகிறது. முதல் பல் முளைத்த நாளிலிருந்து பிரஷ் தேவை. தலை சிறியதாகவும், இழைகள் மிக மென்மையாகவும் உள்ளதை வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ, இழைகள் விரிந்தவுடனோ மாற்றிவிட வேண்டும். பற்பசையின் அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மூன்று வயது வரை ஓர் அரிசிமணி அளவும், மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். விளம்பரங்களில் பிரஷ் முழுவதும் நெளியும் பசை குழந்தைக்கு உரியதன்று.

பசையில் ஃபுளோரைடு இருக்க வேண்டுமா என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது. எனாமலை அமிலத்துக்கு எதிராக வலுப்படுத்துவது ஃபுளோரைடே. குழந்தைகளுக்கென்று பழவாசனையோடு விற்கப்படும் பசைகளில் சிலவற்றில் அது இருப்பதில்லை. உறையைத் திருப்பிப் பார்த்து, ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அரிசிமணி அளவே பயன்படுத்துவதால், சிறிது விழுங்கினாலும் பெரிய கேடில்லை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்று நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்துள்ள பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கு, மிகுந்த ஃபுளோரைடால் பற்களுக்கும் எலும்புகளுக்கும் ஏற்படும் பாதிப்பே காரணம். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பங்கள் அந்நீரைச் சோதித்துவிட்டு, எந்தப் பசை ஏற்றது என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிப்பது நல்லது. கரித்தூள், செங்கல் பொடி, கல் உப்பு ஆகியவற்றைக் குழந்தையின் பல்லில் தேய்க்கவே வேண்டாம். அவற்றின் சொரசொரப்பு மெல்லிய எனாமலை அரைத்துவிடும்.

குழந்தை தானே துலக்கிக்கொள்வதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். எனினும் ஏழு, எட்டு வயது வரை அதை முழுத் துலக்கலாகக் கொள்ளக் கூடாது. எழுத்துகளைக் கோர்வையாக எழுதவும், சட்டைப் பொத்தானைத் தடுமாறாமல் போடவும் பழகாத கை, கடைவாயின் பின்புறத்தைச் சுத்தம் செய்யாது. முதலில் குழந்தை தன் விருப்பப்படி தேய்க்கட்டும். பிறகு பெரியவர் ஒருவர் முழுமையாகத் துலக்கிவிட வேண்டும். அதற்கு ஏற்ற இடம் குளியலறை அன்று. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, குழந்தையின் தலையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டால், மேல் பற்களின் உட்புறம் வரை வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். ஒரு கை விரலால் உதட்டையும் கன்னத்தையும் விலக்கி, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷைச் சற்றே சாய்த்து, சிறு வட்டங்களாக மெல்லத் தேய்க்க வேண்டும். நாள்தோறும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வரிசையில் சென்றால் எந்தப் பல்லும் விட்டுப்போகாது. இரண்டு நிமிடம் தேவை. முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும்; உடனே நீர்விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும்.

பிடிவாதம் வரத்தான் செய்யும். இரண்டு வயதில் என் மகன் வாயைப் பூட்டிக்கொண்டான். அவனுடைய கரடிப் பொம்மைக்கு அவனே துலக்கிய பிறகு அவனுக்கு நாங்கள் துலக்குவது என்று ஏற்பாடு செய்தோம். சில நாட்களுக்குப் பிறகு பொம்மையே தேவைப்படவில்லை. துலக்கும் நேரத்தை உறக்கத்தின் விளிம்புவரை தள்ளிப்போடாமல், இரவு உணவு முடிந்த கையோடு வைத்துக்கொண்டதும் பெரிதும் உதவியது, ஏனெனில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையோடு மல்லுக்கட்டினால் அந்தப் பழக்கமே அதற்கு வெறுத்துவிடும். "ஒழுங்காகத் துலக்கவில்லையென்றால் டாக்டர் பல்லைப் பிடுங்கிவிடுவார், ஊசி போட்டுவிடுவார்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். அந்த அச்சத்தோடு நாற்காலியில் ஏறும் குழந்தைக்கு எளிய சிகிச்சைகூடக் கடினமாகிவிடுகிறது.

துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. சர்க்கரை கலந்த பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே உறங்கும் பழக்கம்தான் குழந்தைகளின் மேல் முன்பற்களை அரிக்கும் பெரிய காரணம். கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் ஓரளவு காப்பாற்றிவிடுகின்றன. ஒரே நாளில் பாட்டிலை நிறுத்துவது இயலாதென்றால், முதலில் சர்க்கரையை விட்டுவிட்டு, பின்னர் பாலில் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நீரைக் கூட்டி, இரண்டு வாரத்தில் வெறும் நீரில் கொண்டுவந்து நிறுத்தலாம். பகலில், இனிப்பின் அளவைக் காட்டிலும் எத்தனை முறை தின்கிறது என்பதே முக்கியம். ஒரு கடலை மிட்டாயைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றால் பல் ஒருமுறை அமிலத்தைச் சந்திக்கிறது. அதையே துண்டு துண்டாக மாலை முழுவதும் சப்பினால் மாலை முழுவதும் சந்திக்கிறது. பிஸ்கட்டும் ரஸ்க்கும் இனிப்பு குறைவாகத் தோன்றினாலும், கூழாகிப் பல் இடுக்கில் ஒட்டிக்கொள்வதால் கேடானவையே. இடைவேளைக்குச் சுண்டல், வெள்ளரித் துண்டு, தயிர் போன்றவை பொருத்தம். இருமல் மருந்து, காய்ச்சல் மருந்துகளின் இனிப்புப் பாகுகளை இரவில் கொடுக்க நேர்ந்தால், பின்னர் பல்லைத் துடைத்துவிட மறக்காதீர்கள். சூப்பானில் தேன் தடவிக் கொடுக்கும் வழக்கத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் வேறு வகையிலும் ஆபத்தானது.

சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பெரியவர்களின் உமிழ்நீர் வழியாகக் குழந்தைக்குத் தொற்றுகின்றன. நம் வாயில் வைத்துச் சூடு பார்த்த கரண்டியால் ஊட்டுவதைத் தவிர்ப்பதோடு, தாயும் தந்தையும் தங்கள் சொத்தைப் பற்களைச் சரிசெய்துகொள்வதும் குழந்தையின் பல் பராமரிப்பில் சேர்ந்ததே.

மாதத்துக்கு ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெண்மை தெரிந்தால் அதுவே சொத்தையின் முதல் அடையாளம். இந்த நிலையில் பல் மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, உணவுப் பழக்கமும் மாறினால், பல் மீண்டும் உறுதிபெறும். பழுப்பாகிக் குழி விழுந்த பின் அது தானாகச் சரியாகாது. முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், தாமதமானால் முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது சிறந்தது. அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டக் குழுவினரும் பற்களைப் பார்க்கிறார்கள். அவர்கள் எழுதித்தரும் பரிந்துரைச் சீட்டை அலட்சியம் செய்யாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முதல் பால் பல் விழுந்ததும் அதைச் சாண உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த நாளில், விளக்கு வெளிச்சத்தில் குழந்தையின் கடைவாயையும் பார்த்துவிடுங்கள். ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. இதையும் பால் பல் என்று எண்ணிப் பெற்றோர் விட்டுவிடுவதால், வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய அந்தப் பல் பத்து வயதுக்குள்ளேயே குழிந்துவிடுகிறது. அதன் ஆழமான பள்ளங்களை மூடும் சீலன்ட் என்ற பூச்சைப் பல் மருத்துவர் ஊசியும் வலியும் இன்றிச் சில நிமிடங்களில் பூசிவிடுவார். பாதி முளைத்த நிலையில் அந்தப் பல் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால், நேராகத் தேய்க்கும் பிரஷ் அதைத் தொடாமலே கடந்துவிடும். பிரஷைக் கன்னப் பக்கத்திலிருந்து குறுக்காகச் செலுத்தி அதன் மேற்பரப்பைத் தனியே தேய்க்க வேண்டும்.